மாதா கோயில் கச்சேரிக்கு ஆஜரான பொன்னுச்சாமி

பொன்னுச்சாமி உட்கார்ந்து நான் பார்த்த இடம் ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் பெஞ்சுக்கும் தெருவுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். பேச்சுக்கு நடுவில் தோள்துண்டை எடுத்து உதறுவார், போடுவார், திரும்பவும் உதறுவார். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விதைக்கிற சம்சாரி. மழை வருமா, மடை திறப்பார்களா என்று பார்த்துப் பார்த்தே அந்தக் கால்கள் அப்படி ஆகிவிட்டன என்று அவர் ஊரில் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றியதில்லை. அதே கண்மாய்க்குக் கீழே எத்தனையோ பேர் விதைக்கிறார்கள். மத்தியானம் படுத்துத் தூங்கவும் செய்கிறார்கள்.

அவர் உட்கார்ந்தது ராமநாதபுரம் மாதா கோயிலில். ரொம்பப் பழைய கோயில். முழங்கை நீளம் கனத்த சுண்ணாம்புச் சுவர், யானை நுழையும் உயரத்துக்கு வாசல்கள். உள்ளே யாராவது இருமினால் அந்த இருமல் கூரைவரை போய்விட்டுத்தான் இறங்கி வரும். மரியதாஸ் சாமியார் பங்குக்கு வந்த பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே கர்நாடக சங்கீதக் கச்சேரி வைக்க ஆரம்பித்தார். மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வித்வான்கள் வருவார்கள். டிக்கெட் கிடையாது. நீ யார், எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. முதலில் நற்கருணை ஆசீர் என்கிற மாலை வழிபாடு நடக்கும். அது முடிந்ததும் பீடத்துக்குத் திரை போட்டுவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, ஜமக்காளம் விரித்துக் கச்சேரி. ஒரே ஒரு கண்டிப்பு, கைதட்டக் கூடாது. முதல்தடவை வரும் வித்வான்கள் இதில் தடுமாறிப்போவார்கள். பாட்டு எடுபட்டதா இல்லையா என்று தெரியாமல் சாமியாரின் முகத்தைப் பார்ப்பார்கள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

நான் பாம்பன்காரன். மலேரியா ஒழிப்பில் வேலை. வீடு வீடாகப் போய், காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று கேட்டுவிட்டு, சுவரில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். நாலு பேருக்கு முன்னால் நாக்கு எழாத என்னை இதற்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. கச்சேரிக்குப் போனால் மேற்கு வாசல் தூணடிதான் என் இடம். அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம், நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். பொன்னுச்சாமி முதன்முதலாக உள்ளே ஓடி வந்த அன்றும் அங்கேதான் இருந்தேன். ஐம்பத்தொன்பதாம் வருஷம்.

அவர் சங்கீதம் கேட்க வரவில்லை. அவருக்கும் மேல்வயல்காரருக்கும் வாய்க்கால் தகராறு. மனுக் கொடுத்திருந்தார். ராமநாதபுரத்தில் விசாரணை என்று ஆள் வந்து சொல்லியிருந்தார். கிராமத்துக்காரர்கள் வாயில் தாலுகா ஆபீஸும் கச்சேரி, கோர்ட்டும் கச்சேரி. அதிகாரிகள் முகாம் என்று வந்து சத்திரத்திலும் பள்ளிக்கூடத்திலும் கச்சேரி நடத்துவதும் அவர்கள் பார்த்ததுதான். அன்றைக்கென்று பஸ் வழியில் படுத்துவிட்டது. சாயங்காலம் வந்து இறங்கியவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஹாஜா முகைதீனிடம் பதறிப்போய்க் கேட்டிருக்கிறார்.

"பாய், கச்சேரி எங்கன?"

"இன்னிக்கு மாதா கோயில்லண்ணே."

"கோயில்லயா? முடிஞ்சிருச்சா?"

"இனிமேத்தான். மதுரைலருந்து பெரிய ஆளு, காருல வந்து எறங்கிருக்காக. வெரசாப் போங்க, முன்னால எடம் கெடைக்காது."

பிறகு ஹாஜா முகைதீன் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "நான் என்ன பொய்யா சொன்னேன்? வார்த்தைக்கு வார்த்தை நெசம்!"

வேட்டியெல்லாம் புழுதி, கக்கத்தில் பட்டாவும் ரசீதும் திணித்த மஞ்சள் பை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்வரிசைக்கே போய்விட்டார். நடுவில் பட்டு ஜிப்பாவும் தங்க பிரேம் கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அதிகாரி. பக்கத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி. தஸ்தாவேஜுப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வயலின் வெளியே வந்தபோது கொஞ்சம் குழப்பமாக இருந்ததாம். சரி, கடவுள் வாழ்த்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். அதிகாரியே பாட ஆரம்பித்தார். கடவுள் வாழ்த்து முடிகிற வழியாக இல்லை.

"ஒரு மனுசன் இவ்வளவு நேரம் சாமியக் கும்புடுறாரே, கட்டாயம் நேர்மையான ஆளாத்தான் இருப்பாரு, நமக்கு நியாயம் கெடைச்சிரும்னு நெனச்சேன் தம்பி" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கடைசியில் சாமியார் எழுந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மாலை போட்டார். பாடியவருக்குப் போட்டார், வயலின்காரருக்குப் போட்டார். மிருதங்கம் வாசித்தவர் பெயரும் பொன்னுச்சாமி.

"அடுத்து, பொன்னுச்சாமி அவர்கள்..."

"ஆஜர் சாமி!"

பையை உயரத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கைதட்டத்தானே தடை, சிரிப்புக்கு இல்லையே. கோயிலே சிரித்தது. கூரை அதை வாங்கி இன்னொரு தரம் சிரித்தது. சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து அவரிடம் விவரம் கேட்டார். வாய்க்கால், மேல்வயல், படுத்துவிட்ட பஸ் எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அய்யா, உங்க வழக்கு என் கையில இல்ல. ஆனா பேரு கூப்பிட்டாச்சு. கூப்பிட்டவரை வெறுங்கழுத்தோட அனுப்ப முடியாது."

கோயில் கமிட்டியார் சாமியாருக்குப் போட்டிருந்த மாலை பொன்னுச்சாமியின் கழுத்துக்கு வந்தது. அவர் கூச்சப்படவுமில்லை, கோபப்படவுமில்லை. துண்டை அவிழ்த்து உதறினார்.

"அந்த ரெண்டாவதாப் பாடுனாகளே, அது அடுத்த மாசமும் உண்டா சாமி?"

வாய்க்கால் வழக்கு பல மாதம் இழுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று முடிந்துபோனது. பொன்னுச்சாமி வருவது நிற்கவில்லை. மாதாமாதம் வந்தார். நற்கருணை ஆசீர் முடியும்வரை உள்ளே வர மாட்டார். "அது ஒங்க சாமி காரியம். நடுவுல நாம போயி நிக்கக் கூடாது" என்று வெளியே வேப்பமரத்தடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பார். திரை போட்டதும் வந்து என் தூணடியில் சம்மணம் போடுவார். உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்லலாம், ஓய்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஒருநாள் துணிந்து கேட்டேன், பாட்டெல்லாம் பிடித்திருக்கிறதா என்று.

"பிடிக்குதா இல்லையான்னு தெரியல தம்பி. ஊருக்குப் போனா தூக்கம் வர மாட்டேங்குது. தலைக்குள்ள அது பாட்டுக்கு ஏறுது, எறங்குது. எங்கன போயி நிக்கும்னு பாத்துக்கிட்டே கெடந்தா விடிஞ்சுருது."

"அப்பறம் எதுக்கு வாரீங்க?"

"போன மாசம் நிக்காமப் போனது இந்த மாசமாச்சும் நிக்குதான்னு பாக்கத்தான்."

எதுகையும் இல்லாமல் மோனையும் இல்லாமல் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகும் புதுக்கவிதைகளைப் படித்துவிட்டு, பாம்பன் கரையில் ஆளைத் தள்ளும் காற்றில் நானும் நடந்திருக்கிறேன். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எனக்குச் சுற்று. பொன்னுச்சாமி வீட்டு வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் மனைவி சோணையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல் இல்ல தம்பி. கிறுக்குத்தான் இருக்கு. அதுக்கு ஒங்க சர்க்காருல மருந்து உண்டா?"

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் நாகலெட்சுமி.

"ஏண்டி, ஒனக்காகத்தான் கேக்குறேன், நீயே சிரிக்கிறியா?" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, சோணையம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் ஜெபமாலைக் கயிறு தெரிந்திருக்க வேண்டும். "தம்பி வேதக்காரவுகளா? அப்ப ஒங்க மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு தலைல தண்ணி ஊத்திட்டாகளா?"

"இல்லம்மா. பாட்டுத்தான் கேக்குறாரு."

"பாட்டா? ஊரே சொல்லுது, வேதத்துல சேந்துட்டாருன்னு. மொளகா யாவாரி ஒருத்தன் கோயிலுக்குள்ள பாத்துட்டு வந்து ரைஸ்மில்லுல வச்சுச் சொல்லிருக்கான். திருவாடானைக்கே சேதி போயிருச்சு. மாப்பிள்ளையோட அய்யா மருதுபாண்டி வீட்டுக்காரவுக தையில கல்யாணம்னு பேசி முடிச்சவுக, இப்ப மதம் மாறுன வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு சொல்லி விட்டுருக்காக. வழக்கு முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு! கச்சேரிக்குப் போறேன், கச்சேரிக்குப் போறேன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போயிருக்காரு மனுசன்."

"அது பொய் இல்லையேம்மா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் பார்த்த பார்வையில் சுவரில் நேற்றுத் தேதியை எழுதினேன்.

பொன்னுச்சாமி வைக்கோல்போரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கூடவே நானும் நடக்க வேண்டியதாயிற்று. நாகலெட்சுமிக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மாப்பிள்ளைப் பையனும் நல்ல பையன். இந்தச் சம்பந்தம் முறிந்தால், மதம் மாறிய வீடு என்ற பேச்சோடு அவளுக்கு அடுத்த இடம் எங்கிருந்து வரும்? இதெல்லாம் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. அடுத்த கச்சேரி எந்தச் சனிக்கிழமை என்பதும் தெரிந்திருந்தது.

"மருதுபாண்டிய நானே கூட்டியாரேன். கண்ணால பாக்கட்டும். பாத்தா அவருக்கே தெரிஞ்சிரும்ல, இது வெறும் பாட்டுக் காரியம்னு."

"திரை போட்ட பெறகு கூட்டியாங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்று துண்டை உதறினார்.

அந்தச் சனிக்கிழமை கார்த்திகை மழை. காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்தது, சாயங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் ஓர் ஆள் நிற்க வழியில்லை. நற்கருணை ஆசீர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேற்கு வாசல் வழியாக இரண்டு பேர் நனைந்துகொண்டே உள்ளே ஏறினார்கள். முன்னால் பெரிய மீசையும் பெரிய உடம்புமாக மருதுபாண்டி, கையில் குடை. பின்னால் பொன்னுச்சாமி. வெளியே போகவும் விடாமல், பின்னால் ஒதுங்கவும் விடாமல், மழைக்கு உள்ளே வந்த கூட்டம் அவர்களை நடுவுக்குத் தள்ளிவிட்டது.

"என்ன பொகை இது?" மருதுபாண்டி மெதுவாகப் பேசக்கூடியவர் இல்லை.

"சாம்பிராணி."

"நம்ம சாம்பிராணிதானா?"

"அதேதான்."

மணி அடித்தது. கோயில் முழுவதும் ஒரே அசைவாக முழந்தாள் இட்டது. நானும் இட்டேன். தலை குனிய வேண்டிய நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். கோயிலின் நடுவில் இரண்டே பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பொன்னுச்சாமி மருதுபாண்டியைப் பார்த்தார். பீடத்தைப் பார்த்து நின்ற சாமியாரின் முதுகைப் பார்த்தார். பொன்னுச்சாமிக்குப் பின்னால் நனைந்த சேலையோடு ஒரு மீனவப் பெண், கைக்குழந்தையோடு முழந்தாளில் இருந்தாள். குழந்தை பீடத்து மெழுகுவத்திகளைப் பார்க்க அவருடைய வேட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தது. அவர் துண்டில் கையை வைத்தார். உதறவில்லை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் மெல்ல இறங்கி, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றிவிட்டார்.

மருதுபாண்டி தனியாக நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிய சத்தம் எனக்குத் தூணடிவரை கேட்டது.

திரை போட்டார்கள். ஜமக்காளம் வந்தது. இரண்டு பேரும் என் தூணடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"என்னய்யா இது? பள்ளிக்கூடத்துல வாத்தியாரு முன்னால மாதிரி முட்டி போட்டுட்டீக?"

"ஊரே உக்காரும்போது நாம மட்டும் நின்னா பின்னால இருக்கவுகளுக்கு மறைக்கும்ல."

"நான் நின்னேனே!"

"ஆமா. மறைச்சுது."

மருதுபாண்டி குடையைத் தூணில் சாய்த்தார். அதற்குள் தம்பூரா கேட்க ஆரம்பித்துவிட்டது. அன்று பாடியவர் தோடியில் நெடுநேரம் தங்கினார். வெளியே மழை வேறு ஒரு தாளத்தில் போட்டுக்கொண்டிருந்தது. பொன்னுச்சாமியின் கால் கட்டைவிரல் ஆடியது. எனக்கு ஒரு ஸ்வரமும் மனதில் ஏறவில்லை. மருதுபாண்டி மீசையைத் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை "பலே" என்று சொல்ல வந்தவர் போலத் தலையை நிமிர்த்தினார். அப்புறம் யாரும் பார்த்துவிட்டார்களா என்று பக்கத்தில் பார்த்தார்.

கச்சேரி முடிந்து ஹாஜா முகைதீன் கடையில் டீ வாங்கினோம். பாதி டீ குடித்த பிறகுதான் மருதுபாண்டி ஆரம்பித்தார்.

"பாட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மாறலைன்னும் எனக்குத் தெரியுது. ஆனா எங்க ஊருக்குத் தெரியணும்ல? எங்க அய்யா காலத்துலருந்து ஊர்க் கோயில்ல மொத மரியாதை வாங்குற வீடு எங்க வீடு. நாளைக்கு எம் மகனோட மாமனாரு முட்டி போட்டாருன்னு ஒருத்தன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"மறைக்குதுன்னு..."

"அத ஒங்ககிட்டச் சொல்லலாம். ஊர்கிட்டச் சொல்ல முடியாது." டீ கிளாஸை வைத்தார். "கல்யாணம் நடக்கும். தையிலயே நடக்கும். ஆனா இனிமே நீங்க அந்தக் கோயில் படிய மிதிக்கக் கூடாது. சம்மதமா?"

டீக்கடையில் பொன்னுச்சாமி நடக்காமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். ஹாஜா முகைதீன் அடுப்பை ஊதுகிற பாவனையில் குனிந்துகொண்டார்.

"சம்மதம்" என்றார் பொன்னுச்சாமி.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். வந்தவர்களெல்லாம் நாதஸ்வரத்தை ஒரு சத்தமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் குரல் எழுப்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் மட்டும் பந்தி விசாரிக்க மறந்து நாதஸ்வரக்காரருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார். சோணையம்மாள் வந்து துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாகலெட்சுமி மணையில் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, அந்தச் சம்மதத்தில் தப்பு இல்லை என்றுதான் பட்டது. ஆனாலும் பாயசம் வருமுன் பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன்.

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் தூணடியில் நான் தனியாக இருந்தேன். பங்குனிக் கச்சேரியில், வித்வான் முதல் பாட்டை முடித்ததும் வழக்கம்போல அந்தச் சத்தமில்லாத இடைவெளி வந்தது. அதில் வெளியே மணலில் யாரோ நடக்கிற சரக் சரக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொன்னுச்சாமி. மேற்கு வாசல் படிக்குக் கீழே, படியில் கால் படாமல், போவதும் வருவதுமாக இருந்தார்.

சாமியாரும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய், தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மணலில் போட்டார்.

"இதுல உக்காருங்க. இது படி இல்லையே."

"வேணாம் சாமி. உக்காந்தா உள்ள வந்த மாதிரி ஆயிரும். நிக்கிறேன்."

சாமியார் வற்புறுத்தவில்லை. நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார். நான் மெல்ல எழுந்து வெளியே வந்தேன். தெருவில் ஜட்கா ஒன்று கடகடவென்று போனது. தூரத்து டாக்கீஸில் ரிக்கார்டு போட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த ஆலாபனை பாதி வழியில் காற்றோடு கிழக்கே போய்விட்டது.

"நீங்க எதுக்கு வெளிய வந்தீக?" என்று அதட்டினார். "உள்ள இருந்து கேட்டு எனக்குச் சொல்லுவீகன்னுல்ல நெனச்சேன். இப்ப என்ன பாடுனாக?"

"கல்யாணின்னு நெனைக்கிறேன்."

"பேரயா கேட்டேன்? எப்பிடிப் போச்சுன்னு கேட்டேன்."

எப்படிச் சொல்வது? தெருவைப் பார்த்தேன், யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டது நினைவிருந்தவரைக்கும் முனகிக் காட்டினேன். என் குரலை நானே வெளியில் கேட்டது அபூர்வம். பொன்னுச்சாமி தலையைச் சாய்த்து, முழுக்கக் கேட்டார்.

"இல்ல. இப்பிடிப் போயிருக்காது" என்றார்.

பிறகு என்னை விட்டுவிட்டுத் தெற்குப் பக்கம் சுற்றி நடந்தார். பின்னாலேயே போனேன். சுவர் ஓரமாக நின்று, வலது உள்ளங்கையைச் சுண்ணாம்பில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மிருதங்கம் கைக்கு வருது தம்பி." கட்டைவிரல் மணலில் ஆடியது. "செவுத்தத் தொட்டா படிய மிதிச்ச கணக்காகுமா?"

"தெரியலையே."

"வேதக்காரவுக ஒங்களுக்கே தெரியலைன்னா மருதுபாண்டிக்கு எங்குட்டுத் தெரியப் போகுது" என்று இடது கையையும் சுவரில் வைத்துக்கொண்டார்.